விளையாட்டின் விதியை எழுதியவர் யார்?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்து வைத்து விளையாடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஏணிகளுக்குப் புண்ணியங்களின் பெயர். பாம்புகளுக்குப் பாவங்களின் பெயர். நல்லது செய்தவன் ஏறுவான், தீயது செய்தவன் இறங்குவான் என்பதைக் குழந்தை விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் குழந்தை கற்றுக்கொள்வது அதைத்தானா? சோழியை உருட்டுவதைத் தவிர ஆடுபவருக்கு இதில் வேறு வேலை இல்லை. எந்தக் கட்டத்தில் போய் நிற்பது என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பொய் சொல்லாமலே பொய்யின் பாம்பு கடிக்கிறது; தானம் செய்யாமலே தானத்தின் ஏணி தூக்கி விடுகிறது. படம் வினைப்பயன் என்கிறது. ஆட்டமோ தலைவிதி என்கிறது. பத்து முறை ஆடிய குழந்தையின் மனத்தில் பதிவது படம் சொல்வது அன்று, ஆட்டம் சொல்வதுதான் என்பது என் எண்ணம். உச்சிக்கு அருகில் வந்து பெரிய பாம்பின் வாயில் விழுந்த பையன், 'நான் என்ன பாவம் செய்தேன்' என்று கேட்பதில்லை. 'காய் சரியாக விழவில்லை' என்றுதான் சலித்துக்கொள்கிறான்.

பரமபதத்தை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. விளையாட்டின் மூலம் கற்பித்தல் என்பதை இன்று யாரும் எதிர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், கீழ் வகுப்புகளில் பாட்டும் ஆட்டமும் பாடத்தின் பகுதியே என்பதை ஏற்கச் செய்துவிட்டன. 'படிப்பா, விளையாட்டா?' என்ற பழைய சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஆகையால் இப்போதுதான் வேறொரு கேள்வியைக் கேட்கவேண்டும். மேல் வகுப்புகளுக்கு என்று வரும் பாவனை விளையாட்டுகள், அவை கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்வதையே கற்பிக்கின்றனவா?

பாவனை விளையாட்டு என்பது சந்தை, தொற்றுநோய், அரசாட்சி போன்ற உலக நடப்பு ஒன்றைச் சில விதிகளாகச் சுருக்கி, மாணவர்களுக்கு அதில் வேடம் கொடுத்து, முடிவு எடுக்கச் செய்வதாகும். இந்த முறை வகுப்பறைக்கு வருமுன்பே வேறு இடங்களில் நன்கு பயன்பட்டது. விமானமோட்டிகளைத் தரையிலேயே பழக்குவதற்காக 1929-இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் ஒரு பெட்டியைச் செய்தார். உள்ளே அமர்ந்து நெம்புகோலை அசைத்தால் பெட்டி விமானத்தைப் போலச் சாயும், திரும்பும். அந்தப் பெட்டி தப்பாகச் சாய்ந்தால், உண்மையான விமானத்தில் ஏறிய அன்றே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் சுமேரியாவின் அரசனாக நடித்த மாணவன் என்றைக்குச் சுமேரியாவுக்குப் போய் ஒத்துப் பார்க்கப் போகிறான்?

சுமேரியா என்பது நான் கற்பனை செய்த எடுத்துக்காட்டு அல்ல. வகுப்பறைக்கென்றே எழுதப்பட்ட கணிப்பொறி விளையாட்டுகளில் மிக முந்தியவற்றுள் ஒன்று சுமேரிய விளையாட்டு. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் பகுதிக் கல்வி வாரியமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து மேற்கொண்ட முயற்சியில், 1964-இல் அதை வடிவமைத்தவர் மேபெல் ஆடிஸ் என்ற நான்காம் வகுப்பு ஆசிரியை. ஆறாம் வகுப்பு மாணவர் லகாஷ் நகரின் அரசர் ஆவார். களஞ்சியத்தில் இவ்வளவு தானியம் இருக்கிறது. மக்களுக்கு உண்ணக் கொடுப்பது எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்பில் வைப்பது எவ்வளவு? டெலிடைப் பொறியில் எண்களை அடித்தால் அடுத்த பருவத்தின் நிலவரம் அச்சாகி வரும். அந்தக் காலத்துக்கு இது பெரிய சாதனை. ஒரு பள்ளி ஆசிரியை இதைச் செய்தார் என்பது இன்னும் பெரிது. வருமுன் காத்தல் என்பதைப் பத்துப் பக்கப் பாடத்தைவிட அந்த மூன்று எண்கள் நன்றாகவே உணர்த்தியிருக்கும். ஆயினும் அந்த லகாஷில் மக்கள் வெறும் வயிறுகள். கொடுத்தால் பெருகுவர், கொடுக்காவிட்டால் குறைவர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஆட்சி என்பது களஞ்சியக் கணக்கு என்று அந்த விளையாட்டு எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே சொல்லிற்று.

இந்த 'எழுதாமலே சொல்லுதல்' என்பதுதான் விவகாரம். பாடநூலில் ஒரு வாக்கியம் தவறென்றால், இந்தப் பக்கத்தில் இந்த வரி தவறு என்று சுட்டிக்காட்டலாம். விளையாட்டின் விதியை அப்படிச் சுட்ட முடியாது. அதற்குக் கட்டுப்பட்டால்தான் ஆடவே முடியும். அதை நன்றாகப் புரிந்துகொண்டவனே வெல்வான். ஆகவே வகுப்பில் முதலில் வருகிற மாணவனே அந்த விதியை மிகவும் ஆழமாக நம்பிவிட்டவனாக இருப்பான்.

இதற்கு மிகவும் தெளிவான சான்று, ஆரிகன் தடம் என்ற விளையாட்டு. 1971-இல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு நோக்கி மாட்டு வண்டிகளில் குடியேறியவர்களைப் பற்றிய பாடம். அறைத் தோழர்களான பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணக்குப் பயிற்சி ஆசிரியர்கள். மூவரும் இரண்டே வாரத்தில் பேஸிக் மொழியில் ஒரு நிரலை எழுதினார்கள். திரை கிடையாது, டெலிடைப் பொறி காகிதத்தில் அச்சடிக்கும், மாணவர்கள் விடையைத் தட்ட வேண்டும். ஆண்டு 1847. கையில் 700 டாலர். மாடு, உணவு, தோட்டா, துணிமணி, மற்ற சாமான்கள் ஆகியவற்றுக்கு அதைப் பங்கிட வேண்டும். மிஸௌரியிலிருந்து ஏறக்குறைய 2,000 மைல். குளிர் காலம் வந்து மலை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். வேட்டையாட வேண்டுமென்றால் துப்பாக்கி வெடிக்கும் ஓசையைக் குறிக்கும் சொல்லை விரைவாகத் தட்ட வேண்டும். எழுத்துப் பிழை செய்தால் குறி தவறும். மாணவர்கள் பள்ளி விட்ட பின்னும் வரிசையில் நின்று விளையாடினார்களாம். நின்றிருப்பார்கள்.

பருவம் முடிந்ததும் ராவிட்ச் நிரலைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, கணிப்பொறியிலிருந்து அழித்துவிட்டார். 1974-இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணிப்பொறி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டி ஏற்றினார். அப்போது அவர் செய்த ஒரு காரியம் நம் கவனத்துக்கு உரியது. முதல் நிரலில் எந்த இடர் எத்தனை முறை நேரும் என்பதைக் குத்துமதிப்பாகத்தான் வைத்திருந்தார்கள். இம்முறை அவர், குடியேறியவர்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் புயலும் வண்டி முறிவும் உண்மையில் எவ்வளவுக்கு எவ்வளவு நேர்ந்தன என்று பார்த்து, அந்த எண்களை மாற்றினார். அதாவது, மாணவன் 'இயற்கை' என்று நினைத்து ஆடிய ஒன்று, ஓர் ஆசிரியர் தம் மேசையில் உட்கார்ந்து எழுதிய எண். 1971-இல் ஆடியவர்களுக்கு ஒரு மேற்கு அமெரிக்கா. 1975-இல் ஆடியவர்களுக்கு இன்னொரு மேற்கு அமெரிக்கா.

நாட்குறிப்புகள் திருத்தியது எண்களை மட்டுமே. 'முன்னே குதிரை வீரர்கள் வருகிறார்கள். பகைவர் போலத் தோன்றுகிறது' என்று பொறி அச்சடிக்கும். ஓடுவதா, தாக்குவதா, போய்க்கொண்டே இருப்பதா, வண்டிகளை வட்டமாக நிறுத்துவதா? அந்த வீரர்கள் யார் என்று நிரல் சொல்வதில்லை. சினிமா பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. உதவி செய்யும் செவ்விந்தியர்கள் உணவு கிடைக்கும் இடத்தைக் காட்டும் நிகழ்ச்சியும் அதே நிரலில் உண்டு என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். ஆனால் பூர்வகுடியினர் அந்த விளையாட்டில் ஒன்று ஆபத்து, அல்லது உதவி. ஆடுபவர் ஆக முடியாது. வேடம் ஒன்றே ஒன்று, வண்டியில் வருபவர் வேடம். வழியெல்லாம் கிடக்கும் நிலம் யாருடையதும் அல்ல.

1979-இல் வெளிவந்த ஜான் அன்ரு என்ற வரலாற்றாசிரியரின் ஆய்வு, 1840-லிருந்து 1860 வரை இந்தத் தடங்களில் நடந்த கொலைகளைக் கணக்கிட்டது. பூர்வகுடியினரால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர்; குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடியினர் 426 பேர். அந்த இருபது ஆண்டுகளில் மேற்கே சென்றவர்களோ இரண்டரை லட்சத்துக்கும் மேல். வழியில் மாண்ட குடியேறிகளில் பெரும்பாலோரைக் கொன்றது நோய். அதிலும் முக்கியமாகக் காலரா. 1849-இல் அதே காலரா சமவெளியின் பூர்வகுடியினரையும் வாரிக்கொண்டு போயிற்று. அவர்கள் பக்கத்திலிருந்து இந்தக் கதையை ஒரு விளையாட்டாக எழுதினால், வண்டிதான் ஆபத்து என்று வரும். 1985-இல் ஆப்பிள் கணிப்பொறிக்கு வண்ணப் படங்களுடன் வந்த பதிப்பில் அவர்கள் வழிகாட்டிகளாகவும் வணிகர்களாகவும் வந்தார்கள். 2021-இல் வந்த புதிய பதிப்புக்குப் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களைக் கலந்துகொண்டார்கள். ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இந்த விளையாட்டை அறவே தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராவிட்ச் இன்னொரு காரியமும் செய்தார். 1978-இல் கணிப்பொறிப் பத்திரிகை ஒன்றில் முழு நிரலையும் வரிக்கு வரி அச்சிட்டு வெளியிட்டார். எந்தப் பள்ளி மாணவனும் அதைத் தட்டிப் பார்க்கலாம், எந்த எண் எதைச் செய்கிறது என்று தேடலாம், மாற்றியும் ஆடலாம். பின்னர் வந்த வண்ணப் பதிப்பு பல மடங்கு அழகானது. ஆனால் மூடிய பெட்டி. சுட்டது எவ்வளவானாலும் வண்டிக்குத் தூக்கி வரக்கூடியது ஓரளவே என்று அதில் ஒரு விதி இருந்தது. சிக்கனம் கற்பிக்கத்தான். குழந்தைகள் பலர் அதைக் கண்டுகொள்ளாமல் எருமைகளைச் சுட்டுத் தள்ளுவதையே பெரிய வேடிக்கையாகக் கொண்டார்கள். பாட நோக்கில் பார்த்தால், படமே இல்லாத அந்த அச்சுப் பிரதிதான் சிறந்த பதிப்பு என்பேன்.

இதற்கு நேர்மாறாக, விதிகளைக் கண் முன்னே வைத்துவிட்டு அப்படியும் நம்மை ஏமாற வைக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அதற்குக் கணிப்பொறி தேவையில்லை. மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரெஸ்டரின் குழுவினர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது. அங்கே அதன் பெயர் பீர் விளையாட்டு. நம் வகுப்பறைக்கு அந்தச் சரக்கு வேண்டாம். நோட்டுப் புத்தகக் கட்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர்: ஊர்க் கடைக்காரர், நகரத்து மொத்த வியாபாரி, மாவட்ட விநியோகஸ்தர், சிவகாசியில் நோட்டுத் தயாரிக்கும் ஆலைக்காரர். ஒவ்வொருவர் முன்னும் 12 புளியங்கொட்டை, அதுதான் இருப்பு. ஒவ்வொரு வாரமும் வாடிக்கையாளர் கேட்பது ஆசிரியர் கையில் உள்ள சீட்டில் இருக்கும். அதைக் கடைக்காரர் மட்டும் பார்ப்பார். தமக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி மேலே அனுப்புவார். அவர் மேலே உள்ளவருக்கு, அவர் அதற்கும் மேலே. சீட்டுப் போய்ச் சேர ஒரு வாரம். சரக்கு வந்து சேர இரண்டு வாரம். இருப்பில் உள்ள ஒவ்வொரு கட்டுக்கும் வாரம் 50 காசு செலவு. கேட்டுக் கொடுக்க முடியாத ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ரூபாய். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. இவ்வளவுதான் விதி. எதுவும் ஒளிவு மறைவு இல்லை.

முதல் நான்கு வாரமும் வாடிக்கையாளர் 4 கட்டுக் கேட்கிறார். ஐந்தாவது வாரம் 8 கேட்கிறார். அதன்பிறகு கடைசி வரை எட்டேதான். உலகில் நிகழ்ந்த மாற்றம் அந்த ஒன்றே ஒன்று. அது ஆடுபவர்களுக்குத் தெரியாது.

கடைக்காரரின் நிலையைப் பாருங்கள். வாரம் 4 கட்டு வருகிறது, 8 போகிறது. இருப்பு 12-லிருந்து ஐந்தாம் வாரம் 8, ஆறாம் வாரம் 4, ஏழாம் வாரம் சுழி. அவர் கூடுதலாகக் கேட்டு எழுதிய சீட்டுக்குச் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை. பயந்துபோய் இன்னும் கூடுதலாக எழுதுகிறார். மொத்த வியாபாரிக்கு வருவது இந்தப் பயம் கலந்த எண். அவர் தம் பயத்தையும் சேர்த்து மேலே அனுப்புகிறார். ஆலையை அடையும்போது எட்டு என்பது இருபதாகி முப்பதாகி நிற்கிறது. ஆலைக்காரர் இரவு பகலாக அச்சடிக்கிறார். சில வாரம் கழித்துச் சரக்கு மொத்தமும் வந்து குவிகிறது. அதற்குள் எவருக்கும் ஒரு கட்டுக்கூட வேண்டாம். ஆலைக்குப் பல வாரம் ஆர்டரே இல்லை.

1989-இல் ஜான் ஸ்டெர்மன் வெளியிட்ட ஆய்வில், இதை ஆடிய அணிகளுக்கு ஏற்பட்ட செலவு, திறம்பட ஆடினால் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல் சராசரியாகப் பத்து மடங்கு. ஆலையின் உச்ச ஆர்டர், கடையின் உச்ச ஆர்டரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆடியவர்கள் முட்டாள்கள் அல்லர், மேலாண்மை படித்தவர்கள். அவர்கள் செய்த பிழை ஒன்றுதான். கேட்டாயிற்று, ஆனால் இன்னும் வந்து சேரவில்லை என்ற சரக்கை அவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. குழம்பில் உப்புப் போட்டு, அது கரையும் முன்னரே ருசி பார்த்து, போதவில்லை என்று மறுபடியும் போடுகிறவரின் பிழை அது. வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கின் கணக்கு எல்லார் கையிலும் இருந்தது; பார்க்கவில்லை.

இந்த விளையாட்டின் உயர்வு ஆட்டத்தில் இல்லை, ஆடி முடித்த பிறகு இருக்கிறது. வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று ஒரு வரைபடம் போடுங்கள் என்று மேலே இருந்த மூவரிடமும் சொல்வது வழக்கம். அவர்கள் மலையும் மடுவுமாக ஓர் அலையை வரைவார்கள். பிறகு உண்மையான வரைபடத்தைக் காட்டுவார்கள்: ஒரே ஒரு படி, பிறகு நேர்க்கோடு. சற்றுமுன் வரை கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் திட்டிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். அலையை உண்டாக்கியவர்கள் தாங்களே. இதை விரிவுரையில் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் இங்கேயும் எழுதாத ஒரு வாக்கியம் இருக்கிறது. 'குற்றவாளி எவருமில்லை, அமைப்புத்தான் காரணம்' என்பது இந்த விளையாட்டை நடத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் முடிவு. பேசக்கூடாது என்ற விதியைப் போட்டது யார்? அதையும் அவர்களே போட்டார்கள். உண்மைச் சந்தையில் தொலைபேசி உண்டு. பதுக்கி வைத்து விலை ஏற்றுபவரும் உண்டு. பதுக்கலுக்கு இந்தப் பலகையில் இடமே இல்லை, ஆகையால் பதுக்கல்காரர் இல்லை என்ற முடிவு வருவதில் வியப்பில்லை. நல்ல ஆசிரியர் இங்கே நிறுத்தமாட்டார். மறு ஆட்டத்தில் வாடிக்கையாளரின் சீட்டை நால்வருக்கும் காட்டச் சொல்வார். பின்னாளில் செய்த சோதனைகளில் இப்படிச் செய்தபோது அலை தணிந்தது, முற்றிலும் மறையவில்லை. அது ஏன் என்பது முதல் ஆட்டத்தைவிடச் சுவையான கேள்வி. மூன்றாவது ஆட்டத்துக்கான விதியை மாணவர்களே எழுதட்டும். பதுக்கலை எப்படி விதியாக எழுதுவது என்று நான்கு மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டால், அவர்கள் பொருளாதாரம் படிக்கிறார்கள் என்று பொருள்.

இனி விஞ்ஞானப் பாடத்துக்கு வருவோம். தொற்று பரவுவதைக் காட்டப் பல நாடுகளின் பள்ளிகளில் ஒரு விளையாட்டு உண்டு. நாற்பது மாணவர்கள், ஆளுக்கொரு குவளை நீர். ஒரே ஒரு குவளையில் மட்டும் தெளிந்த சுண்ணாம்பு நீர். யாருடையது என்று எவருக்கும் தெரியாது. மாணவர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் குவளையில் மற்றவர் ஊற்றிக் கலந்து, பாதியைத் திரும்பப் பெறுவர். யாரோடு கலந்தோம் என்பதை வரிசையாகக் குறித்துக்கொள்வர். மூன்று சுற்று ஆனதும் ஒவ்வொரு குவளையிலும் சிறிது மஞ்சள் கரைசல் விட்டால், சுண்ணாம்பு கலந்த குவளைகள் சிவக்கும். ஆய்வுக்கூடத்தில் பினாப்தலின் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு சிறு எச்சரிக்கை: குழாய் நீரோ கிணற்று நீரோ வேண்டாம், கடின நீரில் சுண்ணாம்பு நீர் பட்டால் கலங்கிப் போய், யார் என்று முன்னமே தெரிந்துவிடும். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் நல்லது. குடிக்கவும் கண்ணில் படவும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மூன்று சுற்றில் எட்டுக் குவளை வரை சிவக்கும். பெருக்கம் என்றால் என்ன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பெரும்பாலான வகுப்புகளில் பாடம் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல்தான் உண்மையான விஷயம் தொடங்குகிறது. 'முதலில் யாரிடம் இருந்தது?' என்று மாணவர்கள் தேடுவார்கள். குறிப்புகளை வைத்து ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வரலாம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள், முதல் சுற்றில் தங்களுக்குள் கலந்துகொண்ட இருவர். அதற்கு மேல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஓர் அடி நகர முடியாது. முதல் சுற்று முடிந்ததுமே இருவர் குவளையும் ஒன்றாகிவிட்டன. யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்ற செய்தி அந்தக் குறிப்புகளிலேயே இல்லை. தெரியாது என்பதும் ஒரு விடை என்று பதின்மூன்று வயதில் காண்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இங்கே ஆசிரியர் விழிப்பாக இருக்கவேண்டும். வகுப்பு 'தெரியாது' என்பதோடு நிற்காது. இருவரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு 'நீதான், நீதான்' என்று கூவும். பெரும்பாலும் ஏற்கெனவே கேலிக்கு ஆளாகும் பிள்ளையைத்தான் பிடிக்கும். 2020-இல் எந்தெந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், அந்த வீட்டுக் குழந்தைகளைப் பிறகு எப்படிப் பார்த்தார்கள் என்பதை நாம் மறந்துவிடவில்லை. விளையாட்டின் விதியில் குற்றம் என்பதே இல்லை. ஆனால் 'கண்டுபிடி' என்ற சொல்லோடு அது உள்ளே நுழைந்துவிடுகிறது.

இது என்னை வேடம் கொடுக்கும் விளையாட்டுகளின் கடைசி வகைக்குக் கொண்டு வருகிறது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். மறுநாள் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறப்படி இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறத்தார் உயர்ந்தவர், மறு நிறத்தார் தாழ்ந்தவர். அடுத்த முறை அதை மாற்றினார். தாழ்ந்தவர் கழுத்தில் ஒரு பட்டை. 1970-இல் தொலைக்காட்சிக்காகப் படமெடுத்தபோதும் அதே கதைதான்: நேற்றைய நண்பர்கள் ஒருவரையொருவர் ஏசினார்கள், தாழ்த்தப்பட்ட நாளில் பிள்ளைகள் வாசிப்புப் பயிற்சியில் பின்தங்கினார்கள். உலகெங்கும் பேசப்பட்ட வகுப்பு அது. எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்காமலே இப்படிச் செய்யலாமா என்ற கண்டனமும் அன்று முதல் உண்டு.

அந்த வகுப்பைப் புகழ்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ரைஸ்வில்லின் பிள்ளைகள் அனைவரும் வெள்ளையர். தாழ்ந்தவர் வேடம் அங்கே எல்லாருக்குமே புதிது. கழுத்துப் பட்டையைக் கழற்றியதும் போய்விட்டது. எலியட் பிள்ளைகளுக்குத் தம் ஊரில் கிடைக்காத அனுபவத்தைக் கொடுத்தார். நம் பள்ளியில் சீட்டுக் குலுக்கி 'நீ தாழ்ந்தவன்' என்று ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால், அது அவனுக்கு வேடமாகவே இருக்கும் என்று எந்த ஆசிரியரால் உறுதி சொல்ல முடியும்? நாற்பது பேருள்ள வகுப்பில் சிலருக்கு அது பாவனை. சிலருக்கு அது தெருவில் நடப்பதை வகுப்பிலும் ஒரு முறை நடத்திக் காட்டுவது. அவர்களுடைய வேதனை மற்றவர்களுக்குப் பாடமாகிறது. சாதியைப் பற்றி வகுப்பில் பேசத்தான் வேண்டும். ஆனால் இந்த வழியில் வேண்டாம். பாவனை நடத்தும் ஆசிரியர் ஒவ்வொரு வேடத்தையும் எடுத்து, இதை உண்மையிலேயே அனுபவிப்பவர் என் வகுப்பில் இருக்கிறாரா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். இருந்தால் அந்த வேடத்தை நீக்கிவிட வேண்டும். பீர் விளையாட்டைத் தொழிற்சாலைப் பாவனையாக மாற்றி, கடன்பட்ட நெசவாளி, பட்டாசுத் தொழிலாளி என்று பாத்திரம் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே கேள்விதான்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பாடவேளை என்பது 40 அல்லது 45 நிமிடம். நோட்டுக் கட்டு விளையாட்டைக் குறைந்தது இருபத்தைந்து வாரக் கணக்குக்காவது ஆடினால்தான் அலை எழுவதும் விழுவதும் தெரியும். மேசை போட்டு, சீட்டுக் கொடுத்து, விதி சொல்லி முடிப்பதற்குள் பாதி மணி போய்விடும். எனவே ஆட்டத்துக்கே ஒரு பாடவேளை போதாது. மணி அடித்ததும் 'நன்றாக விளையாடினீர்கள்' என்று சொல்லிக் கலைத்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வரைபடம் போடுவதும், விதி யாருடையது என்று கேட்பதும், மாற்றி ஆடுவதும் அடுத்த நாளுக்கென்று தள்ளப்பட்டு, அடுத்த நாள் தேர்வுக்கான திருப்புதல் வந்துவிடுகிறது. இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்துக் கேட்டு வாங்க முடியுமானால் இந்த விளையாட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் ஒன்றுதான் தருவார் என்றால், அந்த ஒன்றில் விளையாட்டை ஆடாமல், அதன் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, இதை எழுதியவர் எதை விட்டுவிட்டார் என்று மட்டும் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.